சாயா கொதிக்கும் நேரத்தில் ஒரு சுவடு

கேள்வி: ஆசானுக்கு வணக்கம். எனக்கு 34 வயது. களியக்காவிளையிலிருந்து உள்ளே போகும் ஒரு ஊரில் வீடு. நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். கடை அடைத்து, பஸ் பிடித்து, ஊர் ஸ்டாப்பில் இறங்கும்போது ராத்திரி எட்டே முக்கால், சில நாள் ஒன்பது. அங்கிருந்து வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர். பாதி வழி ரப்பர் தோட்டம், வெளிச்சம் கிடையாது. போன மாதம் பின்னால் மெதுவாக வந்த ஒரு பைக்கில் இருந்தவன் என் கையைப் பிடித்தான். எதிரே ஆட்டோ வெளிச்சம் தெரிந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் என் கால் நகரவே இல்லை, சத்தமும் வரவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை. பக்கத்தில் தற்காப்புக் கலை பழக்கும் ஒரு களரி இருக்கிறது. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு வரவேண்டும் என்கிறார்கள். கணவர் கல்ஃபில் இருக்கிறார். ஒன்பது வயது மகளைப் பள்ளிக்கு அனுப்பிச் சமையலும் முடித்துவிட்டு நான் எட்டு மணி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. வலது முட்டியில் வலியும் உண்டு. வீட்டிலிருந்தே ஏதாவது பழக முடியுமா? வர்மத்தில் ஒரு இடத்தில் தட்டினால் ஆள் விழுந்துவிடுவான் என்கிறார்களே, அதை மட்டுமாவது சொல்லித் தர முடியுமா? மகளையும் பழக்கலாமா? மாமியார் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "முப்பது வருசம் இருட்டுல அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) போய்வந்தோமே, எங்களுக்கு யாரு களரி படிப்பிச்சா?" என்கிறார்.

பதில்:

தங்கச்சிக்கு,

முதலில் அந்த நகராத காலைப் பற்றிப் பேசிவிடுவோம். திடீரென்று பயம் பிடித்தால் உடம்பு எதிர்க்கும், இல்லை ஓடும், இல்லை அப்படியே உறைந்து நிற்கும். ராத்திரி ரோட்டில் வண்டி வெளிச்சம் பட்ட முயல் அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் உடம்பும் அதே வகைதான். அது கோழைத்தனம் இல்லை. நாம் யோசித்து முடிவெடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிற காரியம் அது. வருடக்கணக்கில் பழகினவர்களுக்கும் வரும்.

எனக்கே வந்திருக்கிறது. இருபத்தாறு வயதில், ஒரு ராத்திரி சந்தையில் வாழைக்குலை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, குடித்திருந்த ஒருவன் உடைந்த பாட்டிலோடு என்னை நோக்கி வந்தான். அப்போது எனக்குக் களரியில் பதினைந்து வருடப் பழக்கம். மேடையில் ஆடிக்காட்டிக் கைத்தட்டு வாங்கியவன். அந்த நேரத்தில் கையில் ஒரு அடவுகூட வரவில்லை, அப்படியே தொங்கியது. கால் மட்டும் தானாகப் பின்னால் ஒரு சுவடு (களரியில் கால் எடுத்து வைக்கும் முறை) வைத்தது, பக்கவாட்டில் ஒன்று வைத்தது. அப்புறம் நான் திரும்பி ஓடினேன். மறுநாள் வெட்கத்தோடு ஆசானிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பின்னே எதுக்குலே உனக்கு ஒரு வருசம் சுவடு மட்டும் படிப்பிச்சேன்?" என்று கேட்டார்.

உங்களுக்கு நான் சொல்லப்போவதும் ஏறக்குறைய அதுதான். பதினைந்து நிமிடத்தில் சண்டை பழக முடியாது. காலைப் பழக்கலாம், குரலைப் பழக்கலாம், பிடித்த கையிலிருந்து விடுபடப் பழகலாம். உங்கள் வழிக்கு இந்த மூன்றும் போதும்.

வர்மம் கேட்டீர்கள். அடிபட்டால் ஆளைச் சாய்க்கும் உடம்பின் உயிர்நாடி இடங்களைத்தான் வர்மம் என்கிறோம். 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஆக 108 என்பது ஆசான்மார் சொல்லும் கணக்கு. அதை எளிதில் சொல்லித் தரமாட்டார்கள். தருவதற்கு முன்னால், அடிபட்டவனைத் தெளிய வைக்கும் இளக்குமுறையைப் படிக்க வைப்பார்கள். ரகசியம் என்பதால் நான் உங்களுக்கு மறுக்கவில்லை. இருட்டில், அசைந்துகொண்டிருக்கிற ஒரு ஆளிடம், சட்டைக்கு மேலே, விரல்நுனி அளவு இடத்தைத் தேடித் தட்ட முடியுமா? பயத்தில் முதலில் போவது விரலின் நுணுக்கம்தான். பூட்டில் சாவி போடவே கை நடுங்கும். வர்மப் புள்ளி எங்கே கிடைக்கப் போகிறது? ஒரு தட்டில் ஆளை வீழ்த்தும் வீடியோக்களை நானும் பார்த்திருக்கிறேன். அதில் விழுகிறவர் பெரும்பாலும் அந்த ஆசானின் சீடராகவே இருப்பார்.

ஐந்து மணிக் களரியையும் குறை சொல்ல மாட்டேன். உங்கள் ஊருக்கே உரிய சொத்து அது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் உள்பட நான்கு தாலுகாக்கள் தமிழ்ப் பக்கம் வந்தன, நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் நின்றது. சுவடு மட்டும் பிரியவில்லை. அங்கே தெற்கன் களரி என்பார்கள், நாம் அடிமுறை என்கிறோம். அங்கேயும் வாயில் வருவது பாதி தமிழ்ச் சொல்தான். வடக்கே மலபாரில் 42 அடி நீளம், 21 அடி அகலம் என்று மண்ணைக் குழித்துக் களரி கட்டுவார்கள். நமக்குத் தென்னந்தோப்பில் நாலு ஓலை மறைப்பு போதும். அந்த மலபாரில் வடகரா என்ற ஊரில் மீனாட்சி அம்மா என்று ஒருவர், ஏழு வயதில் களரியில் இறங்கினவர், எழுபது தாண்டியும் வாள் வீசிக்கொண்டிருந்தவர். 2017-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இதை உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். ஆனால் ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நான் களரியில் சொல்லித் தருவதில் பாதிக்குமேல், ராத்திரி ஒன்பது மணிக்கு ரப்பர் தோட்டத்தில் உதவாது. அது உடம்புக்கும் மனதுக்கும் ஆன நீண்ட படிப்பு. மகள் வளர்ந்து, காலை நேரம் உங்கள் கைக்கு வரும்போது போங்கள்.

இப்போது அடுப்படிக்கு வருவோம். காலையில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்து, அது கொதித்து, பால் ஊற்றிப் பொங்குவதற்குள் ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் சுவடுக்கு. அடுப்பிலிருந்து விலகி நில்லுங்கள், தரையில் நாலு ஓடு அளவு இடம் போதும். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, இடது காலை அரை அடி முன்னால் வையுங்கள். முட்டி இரண்டும் லேசாக மடங்கியிருக்கட்டும். இரண்டு கையையும் விரித்து நெஞ்சுக்கு நேரே, உள்ளங்கை வெளியே தெரியும்படி உயர்த்துங்கள். பார்க்கிறவனுக்கு "வேண்டாம், அங்கேயே நில்லுங்க" என்று சொல்வதுபோல இருக்கும். உங்களுக்கோ முகத்தையும் கழுத்தையும் காக்கும் வேலி அது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தாலும் சண்டைக்கு நிற்கிறாள் என்று தோன்றாது.

அங்கிருந்து ஒரு சுவடு பின்னால், ஒரு சுவடு வலது மூலைக்கு, ஒரு சுவடு இடது மூலைக்கு, திரும்ப நடுவுக்கு. எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கத்துக் கால் முதலில் நகரட்டும். மற்றது பின்னால் வரட்டும். கால் குறுக்கே போனால் சின்னத் தள்ளலிலும் விழுந்துவிடுவீர்கள். பின்னால் ஒன்று, மூலைக்கு ஒன்று என்று இருபது முறை போனால் தண்ணீர் கொதித்துவிடும். அவ்வளவுதானா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் பதினோரு வயதில் தோன்றியது. ஒரு வருடம் இதையே செய்யச் சொன்னார்களே என்று அழுதிருக்கிறேன். நேராக உங்களை நோக்கி வருகிறவன் முன்னால் இந்த ஒரு மூலைச் சுவடு வைத்தால், அவன் பிடிக்க வந்த இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். கை நீட்டினாலும் எட்டாத தூரம்தான் உங்களுக்கு முதல் கவசம். இரண்டு கை நீளம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

களரியில் ஆசான் வாய்த்தாரி, அதாவது வாய்க்கட்டளை, சொல்வார், அதைக் கேட்டு மாணவன் கால் வைப்பான். வீட்டில் ஆசான் இல்லை, ஆகவே நீங்களே சொல்ல வேண்டும், அதுவும் வாய்விட்டு. "பின்னால்!" "வலம்!" "இடம்!" அடிவயிற்றிலிருந்து சொல்லுங்கள், தொண்டையிலிருந்து வேண்டாம். சத்தம் வரவில்லை என்றீர்களே, அதற்கு மருந்து இதுதான். பெண் பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் சின்ன வயதிலிருந்து சொல்லித் தருவது மெதுவாகப் பேசு, சிரிக்காதே, கத்தாதே என்பதுதான். இருபது வருடம் அடக்கிப் பழகின குரல் ஒரு ராத்திரியில் திடீரென்று வெளியே வருமா? பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் எடுக்கும்போது முதல் வாரம் நான் கம்பையே தொடவிட மாட்டேன். "ஏய், தள்ளிப் போ!" என்று கத்த வைப்பேன். எல்லாம் சிரிக்கும். மூன்றாம் நாள் ஒரு பிள்ளை நிஜமாகக் கத்தும், மைதானமே திரும்பிப் பார்க்கும். அதற்கப்புறம் ஒருத்தியும் சிரிக்க மாட்டாள். நீங்கள் முதல் வாரம் குளியலறையில் கத்துங்கள், வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தோடு. இரண்டாம் வாரம் அடுப்படியில். கத்துகிற வார்த்தை "ஐயோ" என்று இருக்க வேண்டாம். கட்டளையாக இருக்கட்டும்: "விடு!", "தள்ளிப் போ!" அவனுக்கும் கேட்கும், பக்கத்து வீட்டுக்கும் விஷயம் புரியும். நம் ஊரில் தமிழிலும் கத்தலாம், மலையாளத்திலும் கத்தலாம், எவனும் புரியவில்லை என்று சொல்ல முடியாது.

அடுத்தது பிடித்த கை. மணிக்கட்டைப் பிடித்தால் எல்லாரும் செய்கிற தப்பு, கையைத் தன் பக்கம் இழுப்பது. அவன் பலசாலியானால் இழுப்பில் அவன்தான் ஜெயிப்பான். அவனுடைய பிடியைப் பாருங்கள். நாலு விரல் ஒரு பக்கம், பெருவிரல் ஒற்றை ஒரு பக்கம். அந்தப் பெருவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடம்தான் கதவு. உங்கள் முன்னங்கையின் மெல்லிய விளிம்பு அந்தக் கதவுக்கு நேரே வரும்படி கையைத் திருப்புங்கள். அப்புறம் முழங்கையை மடக்கி அவன் பக்கமாகக் கொண்டு போங்கள், கூடவே ஒரு சுவடு வையுங்கள். கை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஈரத்துணியைப் பிழியும்போது மணிக்கட்டு எப்படித் திரும்புகிறதோ அதே திருப்பம்தான். அதனால் தினமும் துணி பிழியும்போது இரண்டு திசையிலும் மாற்றி மாற்றிப் பிழியுங்கள். பிடிக்கும் பலமும் வரும், திருப்பமும் கையில் ஊறும். நம்மில் பெரும்பாலோர் ஒரே பக்கமாகத்தான் பிழிகிறோம், கவனித்துப் பாருங்கள்.

ஆனால் இதைத் தனியாகப் பழகிப் பயனில்லை. நிஜமாகப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். கணவர் ஊரில் இல்லை. அப்படியானால் வீட்டில் யார்? முப்பது வருடம் அண்டி உடைத்த கை ஒன்று இருக்கிறது. உங்கள் மாமியாரிடம் மணிக்கட்டை நீட்டி, "விடாமப் பிடிங்க, பார்ப்போம்" என்று கேளுங்கள். அந்த வயதுப் பெண்களின் பிடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் அம்மாவும் அண்டி ஆபீசுக்குப் போனவர். முதல் நாள் நீங்கள் விடுபட மாட்டீர்கள். அவர் இன்னும் கொஞ்சம் சிரிப்பார். சிரிக்கட்டும், பிடித்துக்கொண்டே சிரிக்கட்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கைக்கு ஐந்து முறை, இரண்டு கைக்குமாகப் பத்து முறை, ஐந்து நிமிடம். முதல் வாரம் மெதுவாக, அப்புறம் வேகமாக, அப்புறம் அவர் சொல்லாமல் பிடிக்கட்டும். பாத்திரம் கழுவும்போது, முற்றம் பெருக்கும்போது பின்னாலிருந்து வந்து பிடிக்கட்டும். ஒரு எச்சரிக்கை: வேகமாக உருவும்போது பிடித்தவரின் பெருவிரல் சுளுக்கும். வயதானவர், பார்த்துச் செய்யுங்கள். என்னிடம் பழகின ஒரு பெண் இப்படிக் காட்டப்போய்க் கணவரின் விரலில் வீக்கம் வந்து, அந்த மனிதர் மறுநாள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

அடியைப் பற்றியும் நாலு வரி. முஷ்டியால் குத்தாதீர்கள். பழகாத கை எலும்பில் குத்தினால் சுண்டுவிரல் பக்கத்து எலும்புதான் முதலில் உடையும். உள்ளங்கையின் அடிப்பகுதி, சப்பாத்தி மாவை அழுத்துகிற இடம், அதால் மூக்கையோ தாடையையோ கீழிருந்து மேலே தள்ளுங்கள். பின்னாலிருந்து கட்டிப் பிடித்தால் குதிகாலால் அவன் பாதத்தை மிதியுங்கள், முழங்கையைப் பின்னால் விடுங்கள். முன்னால் நின்றால் முழங்காலுக்குக் கீழே, எலும்பு தெரிகிற இடத்தில் உதையுங்கள். சாவியை விரலிடுக்கில் வைத்துக் குத்தச் சொல்லும் யோசனையை விட்டுவிடுங்கள், உங்கள் விரல்தான் கிழியும். இடுப்புக்கு மேலே தூக்கும் உதை எல்லாம் மேடைக்கு. சுடிதாரும் செருப்புமாக ஈரச் செம்மண்ணில் நின்று அதைச் செய்தால் நீங்களே மல்லாந்து விழுவீர்கள். அடித்துவிட்டு நின்று பார்க்கக் கூடாது. அவன் ஒரு நொடி தடுமாறினால் அந்த நொடி ஓடுவதற்கு.

ஆயுதம் வேண்டும் என்றால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. வருடத்தில் பாதி நாள் கையில் குடை இருக்கும். மடக்கிப் பையில் போடும் குடையை விட்டுவிட்டு, பழைய வளைந்த பிடிக் குடை ஒன்று வாங்குங்கள். நம் அடிமுறையில் குறுவடி என்று சின்னக் கம்புப் பழக்கம் உண்டு, அந்தக் குடை கிட்டத்தட்ட அதே அளவு வரும். அதைச் சுழற்ற வேண்டாம். இரண்டு கையாலும் பிடித்து நுனியால் எதிரே குத்துவது, குறுக்கே பிடித்துத் தள்ளுவது, இந்த இரண்டு போதும். தெருநாய்க்கும் உதவும். உண்மையைச் சொன்னால் அந்த வழியில் மனிதனைவிட நாய்தான் அடிக்கடி வரும். அதன் முன்னால் ஓடக் கூடாது. குடையை நடுவில் வைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்க வேண்டும். அதுவும் சுவடுதான்.

இனி உங்கள் மாமியார் கேட்ட கேள்வி. அவர் சிரித்தாலும் கேட்டது சரியான கேள்வி. இருட்டில் போய்வந்த அவர்களுக்கு யார் களரி சொல்லித் தந்தார்கள்? யாரும் இல்லை. ஆனால் அவர்கள் எப்படிப் போனார்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். என் அம்மா போனது எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் வீட்டு வாசலில் ஒரு கூப்பிடு சத்தம் கேட்கும், அம்மா பதில் கொடுத்துக்கொண்டே இறங்குவார், அடுத்த வீட்டு வாசலில் அதே கூப்பிடு. முக்குக்குப் போவதற்குள் எட்டுப் பத்துப் பேர் ஆகிவிடுவார்கள். கையில் சூட்டு என்கிற ஓலைப் பந்தம், வாயில் ஓயாத பேச்சு, சிலசமயம் சண்டை. அந்தக் கூட்டத்தின் பக்கத்தில் எவன் பைக்கை மெதுவாக்குவான்? அண்டி ஆபீஸ்கள் பலதும் மூடின. வேலை நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் போனது, ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு பஸ். அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. உங்களுக்கு இல்லாமல் போனது களரி இல்லை, அந்தக் கூட்டம்.

அதனால் பதினைந்து நிமிடத்தில் ஐந்து நிமிடத்தை இதற்கு வையுங்கள் என்று சொல்வேன். அந்த எட்டே முக்கால் பஸ்ஸில் உங்கள் ஸ்டாப்பிலோ அடுத்த ஸ்டாப்பிலோ இறங்குகிற பெண்கள் யார் யார்? நர்சிங் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கும், பேக்கரியில் நிற்கிற அக்கா ஒருவர் இருப்பார். பேச்சுக் கொடுங்கள், நம்பர் வாங்குங்கள். முதலில் இறங்குகிறவர் பத்து நிமிடம் நிற்கட்டும். தோட்டத்து வழியில் வீடு இருக்கிற இரண்டு பேரிடம், நான் இந்த நேரத்துக்கு வருவேன், வாசல் லைட்டைப் போட்டு வையுங்கள் என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும், ஆனால் யாரும் மறுக்க மாட்டார்கள். பஞ்சாயத்துக்கு விளக்குக் கேட்டு மனு எழுதுவதாக இருந்தால் அந்தப் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போடட்டும்.

நடக்கிற விதத்தையும் கொஞ்சம் மாற்றலாம். ரோட்டின் வலது ஓரமாக நடங்கள், வண்டி உங்களுக்கு எதிரே வரும், பின்னாலிருந்து உரசாது. தாலிச்சங்கிலியை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றாமல் குறுக்கே போட்டு இடுப்பில் முடியுங்கள். காதில் எதையும் மாட்டாதீர்கள். ரப்பர் இலை உதிர்கிற டிசம்பர், ஜனவரியில் தோட்டத்தில் ஒரு ஆள் கால் வைத்தால் சருகு சொல்லிக்கொடுத்துவிடும், அந்தக் காது உங்களுக்கு வேண்டும். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் கட்டும் லைட் மலிவாகக் கிடைக்கும். அது இருந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும், எதிரே வருகிறவன் முகமும் தெரியும். பைக் பின்னால் மெதுவானால் நின்றுவிடாதீர்கள். திரும்பி, நீங்கள் வந்த திசையிலேயே நடங்கள். குறுகின வழியில் அவன் வண்டியைத் திருப்புவதற்குள் நீங்கள் வெளிச்சத்துக்கு வந்துவிடலாம். பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். பையை விடாமல் போராடி விழுந்து தலையில் அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன்.

போன் விஷயத்தில் எல்லைக்காரர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. உங்கள் போன் எந்த நேரத்தில் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. 112 இரண்டு பக்கமும் வேலை செய்யும், பெண்களுக்கான 181-உம் அப்படியே. எடுத்தவுடன் தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம் என்று மாநிலத்தோடு ஊர்ப்பெயரைச் சொல்லுங்கள். கேரளப் பக்கம் வேலை இடத்திலோ பஸ்ஸிலோ தொந்தரவு என்றால் அங்கே பெண்களின் பாதுகாப்புக்கான பிங்க் போலீசுக்கு 1515 உண்டு. நடந்ததைப் பற்றி இப்போதும் புகார் கொடுக்கலாம். பைக் நம்பர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதே வழியில் இன்னொருத்தி கொடுத்த புகாரோடு அது சேரக்கூடும்.

சட்டம் உங்களுக்குக் காவலாகத்தான் நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் வருகிறது. தடுக்கத் தேவையான அளவுக்கு அடிக்கலாம், அதற்கு மேல் போகக் கூடாது. அவன் ஓடிவிட்டால் துரத்திப் போய் அடிப்பது தற்காப்பில் சேராது.

முட்டி வலிக்கு: நம் அடிமுறையில் தாழ்ந்த நிலைகள் உண்டு, அவற்றை இப்போது தொடாதீர்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் பாதி உட்கார்ந்ததுபோல இருபது எண்ணும்வரை நில்லுங்கள், வலி தொடங்கும் ஆழத்துக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாப்பில் கம்பியைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் மாற்றி மாற்றி நில்லுங்கள், யாருக்கும் தெரியாது. முட்டி வீங்கினாலோ நடுவில் மாட்டிக்கொண்டதுபோல இருந்தாலோ டாக்டரைப் பாருங்கள், எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். நாள் முழுக்க நின்றுகொண்டா பில் போடுகிறீர்கள்? கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-இல் சட்டம் திருத்தினார்கள், தமிழ்நாட்டில் 2021-இல். கேட்டு வாங்குங்கள்.

உடற்பயிற்சிக்கு நேரம் இல்லை என்ற கவலையும் வேண்டாம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவுக்கு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்டாப்புக்குப் போகவர ஒரு நாளைக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்கிறீர்கள், வேகமாக நடந்தால் இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஆறு நாளில் கணக்கு முடிந்துவிடும்.

மகளுக்கு ஒன்பது வயது என்றால் களரிக்குச் சரியான வயதுதான். ஏப்ரல், மே லீவில் அதே களரியில் கொண்டுபோய் விடுங்கள். ஆசானிடம் பேசும்போது பெண் பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள், பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பார்க்க விடாத இடத்தில் சேர்க்காதீர்கள், என் களரியாக இருந்தாலும் சரி. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றவாளி பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்த ஆள்தான் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு வருடா வருடம் சொல்கிறது. அதனால் சிறுபிள்ளைக்கு உதையைவிட முதலில் பழக்க வேண்டியது, யாராக இருந்தாலும், மாமாவானாலும் சாரானாலும் ஆசானானாலும், பிடிக்காத தொடலுக்கு "வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்வதும், வந்து உங்களிடம் சொல்வதும்தான். சொல்லும்போது நீங்கள் திட்டாமல் கேட்கவேண்டும். ராத்திரி மாமியாரோடு பிடித்துப் பழகும்போது அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டி கையிலிருந்து முதலில் விடுபடப் போவது அவளாகத்தான் இருக்கும், சின்னக் கை எளிதில் வழுக்கும்.

எத்தனை நாள் என்று கேட்பீர்கள். ஒரு மண்டலம் விடாமல் செய்யுங்கள். மண்டலம் 41 நாளா 48 நாளா என்று நம் பக்கத்தில் தீராத வழக்கு ஒன்று உண்டு, மலையாள வழக்கத்துக்கு 41, தமிழ் வழக்கத்துக்கு 48. நீங்கள் 48 வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஏழு நாள் தவறினாலும் 41 கிடைத்துவிடும். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமியாரையும் கூட்டிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் அந்தத் தோட்டத்து வழியில் நடந்து பாருங்கள். எந்த வளைவில் இருட்டு அதிகம், எந்த வீட்டு வாசல் பக்கத்தில், எங்கே செம்மண் வழுக்கும் என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். பைக் வந்த அந்த இடத்தில் நின்று, ஒரு சுவடு பின்னால் வைத்து, ஒருமுறை வாய்விட்டுக் கத்திவிட்டு வாருங்கள். மாமியார் சிரித்தால் அவரையும் கத்தச் சொல்லுங்கள்.